கையில் எழுதியது யார்?



பீங்கான் வேலைக்குப் பேர்போன இந்த விருத்தாசலத்தில் களிமண்ணைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணை ஒரே பக்கமாக அழுத்தித் தேய்த்தால் அதன் தட்டையான துகள்கள் அந்தப் பக்கமே படுக்கின்றன. நம் சரீரத்திலும் இதுபோன்ற காரியம் நடக்கிறது.

தசையை எலும்போடு கட்டும் நாணில் கொல்லாஜன் என்னும் நார் இருக்கிறது. அது மூன்று இழை சேர்ந்தது என்று 1954-லும், அவ்விழைகள் கயிறுபோல் முறுக்கியவை என்று 1955-லும் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக் காட்டினார்கள். இழுப்பு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே இந்நார்கள் வரிசையாகின்றன. மண்ணைப் படிய வைப்பது குயவர் கை. நாரை ஒழுங்கு செய்வதோ நம் உடம்பின் உயிரணுக்களே.

அறுந்த நாண் கூடும்போது முதலில் நார்கள் தாறுமாறாகவே விழுகின்றன. வைத்தியர் சொன்ன நாளில், சொன்ன அளவில் அசைத்து வந்தால் வரிசைப்படும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி அறும். தாயத்தைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அசைக்காமலிருந்தால் கை விறைத்துப்போகும். அப்புறம் "எல்லாம் பிரமன் எழுத்து" என்று அழுவதா? உழைப்பாளி கைக்கு உரம் தந்தது அவன் செய்த வேலையே, பிறந்த ஜாதியல்ல. நாம் சொல்வதற்காக நம்பாதீர்கள்; யோசித்துப் பாருங்கள்!