இடையில் நிற்கும் செயல்முறை: கணினிச் செய்தியும் தமிழ்ப் புணர்ச்சியும்



இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், கணினியின் அசெம்பிளி மொழியைப் பற்றி ஈப்போவில் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் யாவும் முதலில் தோட்ட அலுவலகத்திற்கே வரும். கிராணியார் பிரித்துக் கொடுப்பார். என் பாட்டியின் தம்பி தமிழ்நாட்டில் இறந்த செய்தியைத் தாங்கிய கடிதம், நான்கு மாதம் அலுவலக இழுப்பறையிலேயே கிடந்தது. எவரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. கொடுக்க மறந்தார்கள், அவ்வளவே. ஆனால் பாட்டி அந்த நான்கு மாதமும் தம்பி உயிரோடு இருப்பதாகவே எண்ணிப் பேசிக்கொண்டிருந்தார். இடையில் நிற்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை அன்று உணர்ந்தேன்.

விண்டோஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு சாளரமும் ஒரு லயத்து வீடு போன்றது. விசையை அழுத்தினாலும் சுட்டியை நகர்த்தினாலும் அது ஒரு செய்தியாகி, அச்சாளரத்துக்குரிய செயல்முறையைச் சென்றடைகிறது. செய்தியோடு நான்கு விவரங்கள் வரும்: எந்தச் சாளரம், எந்தச் செய்தி, கூடுதல் தகவல் இரண்டு. எழுத்து உள்ளிடப்பட்டது என்பதற்கான செய்தி எண் 258.

நாம் எழுதும் உரைப்பெட்டியின் செயல்முறை விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. அதன் மூல நிரல் நம் கையில் இல்லை. எனினும் அதற்கு முன்னால் நம் செயல்முறை ஒன்றை நிறுத்தலாம். ‘செட் விண்டோ லாங்’ என்னும் கட்டளைக்குக் கழித்தல் 4 என்ற குறியெண்ணையும் நம் செயல்முறையின் முகவரியையும் கொடுத்தால், பழைய முகவரி ‘ஈஏஎக்ஸ்’ பதிவகத்தில் திரும்பி வரும். அதைப் பத்திரப்படுத்த வேண்டும். நமக்கு வேண்டாத செய்திகளை எல்லாம் ‘கால் விண்டோ புரோக்’ வழியாக அம்முகவரிக்கே அனுப்ப வேண்டும். இம்முறைக்குச் சப்கிளாசிங் என்று பெயர்.

மாணவர்களே, இங்கே நன்னூலை நினைவுகூருங்கள். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது மாற்றமின்றி நின்றால் இயல்பு. மாறினால் தோன்றல், திரிதல், கெடுதல். இடைமறிக்கும் செயல்முறை செய்யக்கூடியவையும் இந்த நான்கே. செய்தியை அப்படியே விடலாம், புதிதாக ஒன்றைத் தோற்றுவிக்கலாம், வேறொன்றாகத் திரிக்கலாம், கெடுத்து விழுங்கலாம்.

ஒலிப்புமுறைத் தட்டச்சைப் பாருங்கள். ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தின் விசையை அழுத்தினால் 107 என்னும் எண் வருகிறது. செயல்முறை அதை விழுங்கி, யூனிகோடில் ககரத்துக்கு உரிய 2965, புள்ளிக்கு உரிய 3021 ஆகிய இரண்டையும் அனுப்புகிறது. திரையில் ‘க்’ தோன்றுகிறது. அடுத்து ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தின் விசைக்குரிய 105 வந்தால், பின்னழிப்புக்குரிய 8ஐ அனுப்பிப் புள்ளியைக் கெடுத்து, இகரக் குறிக்குரிய 3007ஐத் தோற்றுவிக்கிறது. மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றும் விதிதான் இது. இலக்கண ஆசிரியர்கள் வகுத்த வரிசையை எந்திரமும் ஏற்றுக்கொள்கிறது.

அசெம்பிளி மொழியில் இதை எழுதுவோர் கைச்சுத்தமாக இருக்க வேண்டும். 32 பிட் விண்டோசில் அந்த நான்கு விவரங்களும் அடுக்கில் நான்கு நான்கு பைட்டுகளாக வருகின்றன. திரும்பும்போது அந்த 16 பைட்டுகளையும் நம் செயல்முறையே அகற்ற வேண்டும். இபிஎக்ஸ், இஎஸ்ஐ, இடிஐ, இபிபி ஆகிய நான்கு பதிவகங்களைப் பயன்படுத்தினால், பழைய மதிப்போடு திருப்பித் தர வேண்டும். கடன் வாங்கியதைத் திருப்பாவிட்டால் நிரல் எங்கோ, எப்போதோ சரியும். உயர்மொழிகளில் தொகுப்பி இதைக் கவனித்துக்கொள்ளும். இங்கே கவனிப்பவர் நாமே.

தமிழ் கணினிக்குள் இடம்பிடித்தது தானாக நிகழ்ந்ததன்று. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு செயலியைத் தொடங்கினார். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு 1999இல் தரப்படுத்தியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. விசைக்கும் எழுத்துக்கும் இடையில் தமிழறிந்தவர் ஒருவர் நிற்க வேண்டும் என்று எண்ணியவர்களால் வந்த பயன் இது.

ஆனால் இடையில் நிற்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். தமிழெழுத்தை உருவாக்கும் அதே இடத்தில் நின்று, கடவுச்சொல்லைத் திருடும் நிரலையும் எழுதலாம். ஆதலால் மூன்று நெறிகளைச் சொல்கிறேன். தமக்கு உரிய சாளரத்தை மட்டும் இடைமறியுங்கள். தமக்கு உரியதல்லாத செய்தியைப் பிரிக்காமல் கடத்துங்கள். வேலை முடிந்ததும் பழைய முகவரியை மீண்டும் வைத்துவிட்டு விலகுங்கள்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தைப் ‘பால்மரம்’ என்போம். நன்னூல் விதிப்படி அது ‘பான்மரம்’ என்று திரிய வேண்டும். பால்மரம் சீவிய மக்கள் திரிக்காமல் விட்டார்கள், பொருள் சிதையவில்லை. எதைத் திரிக்க வேண்டும், எதை இயல்பாக விட வேண்டும் என்று அறிவதே இலக்கண அறிவு. நிரல் அறிவும் அதுவே.

ஆசிரியர்களே, புணர்ச்சி இலக்கணம் நடத்தும் வகுப்பில் கணினி பயிலும் மாணவர் ஒருவரேனும் இருப்பார். 258ஆம் செய்தியை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள். இழுப்பறையில் எந்தக் கடிதமும் தங்கிவிடாத நிரலை அவர் எழுதட்டும்.