புதிய பயிற்றுநரும் பழைய துணையும்



தோட்டத்துக்குப் புதிய துரை வந்தால் முதலில் எழும் பேச்சு, "பழைய கிராணியை வைத்துக்கொள்வாரா, மாற்றுவாரா?" என்பதுதான். குருண் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் ஆடும் காற்பந்துக் குழு ஒன்றிலும் இப்போது அதே பேச்சு. புதிய பயிற்றுநர் வந்திருக்கிறார். சென்ற பருவத்தில் குழு ஏராளமான கோல்களை வாங்கியது. ஆகவே, தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பழக்கிவந்த பெரியவரை நிறுத்திவிட எண்ணுகிறார். பெற்றோர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஆசிரியர்களாகிய எங்களையும் கருத்துக் கேட்டார்கள்.

தற்காப்பு வரிசையில் நிற்கும் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியவர்களைப்போல் நகரவேண்டும். ஒருவன் பந்தை நோக்கி முன்னே பாய்ந்தால், பக்கத்தில் இருப்பவன் அந்த இடைவெளியை மூடவேண்டும். வரிசை முன்னேறும்போது ஒருவன் பின்தங்கினாலும் போதும், எதிரணிக்காரன் ஓஃப்சைட் ஆகாமல் கோல்முனைக்குப் போய்விடுவான். இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் வருவதில்லை. பழக்குகிறவரை மாற்றினால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.

நம் நாட்டு அணியையே எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றபின், கே. ராஜகோபால் தலைமைப் பயிற்றுநரானார். அவருக்குத் துணையாக இருந்தவர் நம் கெடா அணியில் ஆடிய டான் செங் ஹோ. 2010 டிசம்பரில் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியா நமக்கு ஐந்து கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. காப்பிக்கடையில் அன்று யாரை விட்டுவைத்திருப்பார்கள்! ஆனால் அதே பயிற்றுநர்களோடு அணி மீண்டும் நின்றது. தாய்லாந்தோடு 0-0. அரையிறுதியில் வியட்நாமை 2-0 என்று வென்று, அவர்கள் மண்ணில் 0-0. இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2. கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது.

டான் செங் ஹோ பிறகு கெடாவுக்கு வந்து 2016-இல் மலேசியக் கிண்ணம் வென்று தந்தார். 2017-இல் போர்த்துக்கல் நாட்டவரான நெலோ விங்காடாவுக்குத் துணையாகத் தேசிய அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் விங்காடா விலக, துணையே தலைவரானார். மறு ஆண்டு அணி சுசுகி கிண்ண இறுதிச் சுற்றுக்குப் போனது.

அதற்காகப் பழையவர் யாராயினும் இருக்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைவர் வரிசையை முன்னேற்றச் சொல்லி, துணைவர் பின்வாங்கி நிற்கச் சொன்னால், நடுவில் பிள்ளைகள்தான் திண்டாடுவார்கள். அப்போது துணைவரை மாற்றத்தான் வேண்டும். தோல்விக்குப் பதில் சொல்பவர் தலைவர், முடிவும் அவருடையதே. திடல் ஓரத்தில் நின்று கத்தும் நமக்கு அதில் பங்கில்லை.

நான்கு ஆட்டம் பொறுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று எழுதிவைப்போம் என்றோம். அவரும் இசைந்தார். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். இரண்டு, நடுத்திடலில் பந்தை இழந்துவிட்டு முன்வரிசைப் பையன்கள் திரும்பி ஓடாததால் வந்தவை. மூன்றாவது, கோர்னர் உதையில். தூரக் கம்பத்தருகே ஒருவரும் இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பெரியவர், "இதை நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை, சார்" என்றார்.

மறுநாள் மாலை அவர் ஒரு கயிற்றோடு திடலுக்கு வந்தார். இன்னும் மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன.