தேர்வுத்தாளில் சேரி இல்லை
(தாம்பரத்தில் பிளஸ் டூ மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பரீட்சையையே ஒழிக்கணும் என்று எனக்கு முன்னால் பேசிய தோழர் சொன்னார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். பரீட்சை நெருங்குகிற நேரம், தட்டத்தானே செய்வீர்கள்! என்னால் அவரோடு முழுதாக உடன்பட முடியவில்லை. எழுத்துத் தேர்வு எழுதித்தான் நான் வங்கிக் குமாஸ்தா ஆனேன். ஆளைப் பார்த்து எடுத்திருந்தால் கவுண்டருக்கு வெளியேதான் நின்றிருப்பேன்.

நான் படித்த பள்ளியில் செய்முறைத் தேர்வுக்கு மார்க் போட்டவருக்கு என் பெயர் தெரியும், அப்பன் பெயர் தெரியும், எந்தத் தெரு என்பதும் தெரியும். ஊர்ப் பசங்களுக்கு ஒரு மார்க், சேரிப் பசங்களுக்கு ஒரு மார்க். பொதுத்தேர்வு விடைத்தாளோ எங்கேயோ போனது. மேல்தாளைக் கிழித்து, டம்மி எண் போட்டுத்தான் திருத்தக் கொடுப்பார்கள். அந்த மனுஷனுக்கு நான் யாரென்றே தெரியாது. நம்மை யாரென்று தெரியாமல் ஒருவர் மதிப்பிடுகிற இடம் இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

ஆராய்ச்சிப் படிப்பில் அந்த மறைப்பையும் எடுத்தார்கள். 2016இல் யுஜிசி, எழுத்துத் தேர்வைத் தகுதிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நேர்முகத்துக்கே முழு மதிப்பும் கொடுத்தது. சேலத்திலிருந்து ஜேஎன்யு போன முத்துக்கிருஷ்ணன் இதை எதிர்த்து எழுதினார். 2017 மார்ச்சில் அவர் பிணமாகத்தான் ஊர் திரும்பினார்.

ஆனால் டம்மி எண் பெயரைத்தான் மறைக்கும். சாதி நம் வீட்டுக்கு என்ன செய்து வைத்திருக்கிறதோ அதை மறைக்காது. இதை நம் பாட்டன்மார் அன்றைக்கே கண்டுகொண்டார்கள். லண்டனில் மட்டும் நடந்த ஐசிஎஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தணும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் கூடாது என்றார்கள். 3412 கையெழுத்தோடு மனு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது. தேசியவாதிகள் அதைத் துரோகம் என்பார்கள். சொல்லட்டும். ஏற்கனவே படித்த சாதி பாஸ் பண்ணி, கலெக்டராக நம் தலைமேல் வந்து உட்காரும் என்பதுதான் அவர்கள் பயம். பரீட்சை பொது என்றால் எல்லாருக்கும் பொதுவா என்று கேட்டார்கள்.

அதே கேள்விதான் அரியலூர் குழுமூர் அனிதாவுடையதும். மூட்டை தூக்குகிறவர் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. 2017 செப்டம்பர் 1இல் தூக்கில் தொங்கினாள். இரண்டு தேர்விலும் திருத்தியவருக்கு அவள் பெயர் தெரியாது. முதல் தேர்வு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டது. அடுத்தது காசுக்கு விற்கிற படிப்பைக் கேட்டது. தாம்பரம் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் தட்டி கட்டி விற்கிறார்களே, அந்தப் படிப்பு. நுழைவுத்தேர்வே வேண்டாம் என்று 2006இல் சட்டம் போட்ட மாநிலம் இது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2020இல் வந்ததும் அவள் போன பிறகுதான்.

ரிசல்ட்டில் மார்க் குறைந்தால் அழாதீர்கள், விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். முடிச்சூர், பெருங்களத்தூர் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கட்டணத்துக்குக் கஷ்டமென்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள், நானும் தோழர்களும் இருப்போம்.