தேர் வாசலுக்கு வந்த பிறகு



பத்துப்பாட்டிலே மிகவும் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய 103 அடிகள். கார்காலத்து மாலைப்பொழுதிலே தலைவி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் நற்சொல் கேட்கப் போகிறார்கள். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை ஆயர்குலப் பெண்ணொருத்தி தேற்றும் வார்த்தை அவர்கள் காதிலே விழுகிறது. அதையே நல்ல குறியாகக் கொண்டு திரும்புகிறார்கள். பாசறையிலோ அரசன் உறக்கமின்றி, புண்பட்ட யானைகளையும் மாண்டுபோன வீரரையும் நினைத்திருக்கிறான். முடிவிலே அவன் வென்று மீள்கிறான். தேர்க் குதிரைகளின் ஆரவாரம் தலைவியின் செவியை நிறைக்கிறது. பாட்டும் நிறைவுறுகிறது.

இதைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், வந்த பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டாள். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். தலைவன் வந்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது, ஆகவே பாட்டும் முடிந்தது என்று இலக்கணப்படி விடை சொன்னேன். பிழையான விடை அல்ல. ஆனால் பிள்ளை கேட்டது அதை அல்ல என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெட்சியிலே ஆநிரை கவர்வதில் தொடங்கி வாகையிலே வெற்றி கொண்டாடுவது வரைக்கும் போரின் ஒவ்வொரு படிக்கும் நம்முடைய புலவர்கள் ஒரு பூவைச் சூட்டிவைத்தார்கள். போர் முடிந்த மறுநாட் காலையில் அடுப்படிக்குள் வந்து நிற்கிற மனிதனுக்கு மட்டும் பூ இல்லை. அந்த மறுநாளைத் தேடித்தான் இன்றைக்கு உங்களை வேறொரு நாட்டுக்கு, 1945ஆம் ஆண்டின் பிரித்தானியாவுக்கு, அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்நாட்டிலே 1937இல் தொடங்கப்பட்ட மக்கள் நோக்காய்வு அமைப்பொன்று, சாதாரண மக்களை நாட்குறிப்பு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தது. பாரோ என்னும் கப்பல் கட்டும் நகரத்து இல்லத்தரசி நெல்லா லாஸ்ற் 1939இல் எழுதத் தொடங்கியவர், போர் முடிந்து இருபது ஆண்டு கழிந்த பின்னும் எழுதினார். ஆதலால் அந்த மறுநாளைப் பற்றித் தளபதிகளிடம் மட்டுமன்றி வீட்டுக்காரிகளிடமும் கேட்டறியலாம்.

1945 மே 7ஆம் திகதி ஜேர்மனி சரணடைந்து ஒப்பமிட்டது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிரதமர் சேர்ச்சில் வானொலியில் அறிவித்தார். இரண்டு நாள் விடுமுறை. இலண்டன் அரண்மனை வாசலிலே மக்கள் வெள்ளம். அந்த வெள்ளத்துக்குள் இளவரசி எலிசபெத்தும் தங்கையும் ஆளறியாமல் கலந்து நடந்தார்கள். இவையெல்லாம் படங்களிலே பார்த்தவைதான். நான் சொல்ல விரும்புவது சின்னத் தெருக்களைப் பற்றி.

அங்கே அப்போது துணிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன், இறைச்சிக்குக் கூப்பன். கூப்பன் என்றால் என்னவென்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே போர்க்காலத்தில்தான் அந்தச் சொல் நம்முடைய அடுப்படிகளுக்குள்ளும் வந்து குடியேறியது. சிவப்பு, வெள்ளை, நீலக் கொடித்துணியை மட்டும் மே மாத முடிவு வரை கூப்பன் இல்லாமல் வாங்கலாம் என்று வர்த்தகச் சபை அறிவித்தது. மகிழ்ச்சிக்கும் தவணை குறித்த அரசாங்கம்! தெருப் பெண்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கரண்டி சீனி, துண்டு மாஜரீன் என்று சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கேக் செய்தார்கள். வீட்டு மேசைகளை வெளியே இழுத்து, தெரு நீளத்துக்கு வரிசையாகப் போட்டு, படுக்கை விரிப்புகளை அவற்றின்மேல் விரித்தார்கள். யாரோ ஒருவருடைய பியானோவும் வீதிக்கு வந்தது. இரவிலே பெருந்தீ மூட்டி ஹிட்லரின் கொடும்பாவியை எரித்தார்கள். குண்டு விழுந்த வீடுகளின் கதவுகளும் உத்தரங்களும் பல இடங்களில் விறகாயின. தெருவார் தங்களுடைய அழிவையே எரித்துக் குளிர் காய்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னைத் தொட்டது வெளிச்சம். 1939 செப்ரெம்பர் 1ஆம் திகதி முதல் அந்நாட்டில் இருட்டடிப்பு. ஐந்து வயதுப் பிள்ளை தெருவிளக்கு முழுதாக எரிந்து பார்த்ததில்லை. மே 8 இரவு கட்டடங்களுக்கு ஒளி பாய்ச்சினார்கள். பிள்ளைகளை நித்திரையால் எழுப்பித் தோளிலே தூக்கிப்போய்க் காட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சிலே சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்து, அந்த வெளிச்சத்தில் ஐந்தாம் வகுப்புப் பாடம் படித்த எனக்கு அந்தப் பிள்ளைகளின் கண் கூச்சம் ஓரளவு தெரியும்.

ஆனால் ஒரே தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் போர் முடியவில்லை. பர்மாக் காட்டிலே மகன் சண்டையிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கு, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கணவன் யப்பானியரிடம் சிறைப்பட்ட வீட்டுக்கு, மே 8 ஒரு முடிவா? யப்பானின் சரணடைவு அறிவிக்கப்படும் ஓகஸ்ட் 15 வரை அவர்கள் காத்திருந்தார்கள். அதன் பின்னும் கப்பல் வரும்வரை. வராது என்று தெரிந்துவிட்ட வீடுகளும் இருந்தன. அவர்களும் மற்றவருடைய பிள்ளைகளுக்குப் பரிமாற வெளியே வந்திருப்பார்கள். அந்த மேசையில் அவர்கள் என்ன பேசினார்களோ.

1945 யூன் 18 முதல் போர்வீரரை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வயதையும் சேவைக் காலத்தையும் கணக்கிட்டு வரிசை வைத்தார்கள். விடைபெறும்போது மேற்சட்டை, காற்சட்டை, தொப்பி, சப்பாத்து, மழைக்கோட்டு என்று ஓர் உடுப்புத் தொகுதி கொடுத்தார்கள். ஒரே சாயலில் தைத்த உடுப்புகளோடு ஆயிரமாயிரம் பேர் தெருவில் நடந்தபோது, சீருடை கழன்றதா மாறியதா என்று சொல்வது கடினமாயிருந்திருக்கும்.

அவர்கள் வாசலுக்கு வந்தார்கள். நப்பூதனாரின் பாட்டு முடிகிற இடம் இது. கதவைத் திறந்த பிள்ளை, "அம்மா, யாரோ ஒரு ஆள்" என்றது. அடுப்பு மேலே வைத்திருந்த படத்திலே சிரித்தவர்தான் அப்பா; இந்த ஆள் அதட்டுகிறார், அம்மாவின் பக்கத்தில் நித்திரை கொள்கிறார். ஆறு வருடம் பட்டறையில் வேலை செய்து, கணக்குப் பார்த்து, குண்டு விழுந்த இரவுகளில் வீட்டைக் காத்த பெண்ணிடம், வந்தவர் இனி எல்லாவற்றையும் தான் பார்ப்பதாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான் பலபேருக்குத் தாங்க முடியாததாயிற்று. 1947இலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 60,000 விவாகரத்துகள். போருக்கு முன்னே ஆண்டுக்கு ஏழாயிரத்தைக்கூட எட்டாத எண்ணிக்கை அது.

வீடும் இல்லை. பத்து ஆண்டுக்கென்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருத்து வீடுகளை அரசு நிறுவியது. சிலவற்றில் மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலும் வாழ்ந்தார்கள். 1946 கோடையில், பொறுமை இழந்த குடும்பங்கள் வெறுமையாய்க் கிடந்த இராணுவ முகாம்களுக்குள் தாமாகவே புகுந்து குடியேறின. திரை கட்டி அறை பிரித்தார்கள். முகாம் வாழ்வு எப்படியானது என்று இங்கே நான் சொல்லத் தேவையில்லை.

அதே யூலையில் பாணும் கூப்பனுக்குள் வந்தது. போர் நடந்த ஆறு ஆண்டும் கூப்பன் கேட்காத பாண், போர் வென்ற பிறகு கூப்பன் கேட்டது! உலகெங்கும் தானியத் தட்டுப்பாடு. பிரித்தானியரின் பொறுப்பில் இருந்த ஜேர்மன் பகுதியும் பசித்திருந்தது. யாரை எரித்து மகிழ்ந்தார்களோ அவன் விட்டுப்போன ஊருக்குத் தங்கள் பாணிலே பங்கு கொடுக்க நேர்ந்தது. முணுமுணுத்தார்கள்; ஆனாலும் இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். வெற்றி ஊர்வலத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தக் காலத்தை இலக்கியமாக்கியவர்களில் ஒருவர் மொலி பன்ரர்-டவுன்ஸ். 1947இல் வெளிவந்த 'வன் ஃபைன் டே' என்ற அவருடைய நாவல், 1946 கோடையின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. குண்டு இல்லை, சண்டை இல்லை. லோறா என்ற பெண், போரிலிருந்து மீண்ட கணவன், ஒரு மகள். வேலைக்காரர் போய்விட்ட பெரிய வீடு. புல்லும் கொடியும் மூடிய தோட்டம். அவள் கடைக்குப் போகிறாள், ஓடிப்போன நாயைத் தேடுகிறாள், ஒரு குன்றின்மேல் ஏறுகிறாள். கதையென்று வேறில்லை. முல்லைப்பாட்டின் 104ஆம் அடியிலிருந்து எழுதப்பட்ட நாவல் என்று அதை நான் என் மாணவர்க்கு அறிமுகம் செய்வதுண்டு. சில பக்கங்கள் பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் ஒளிக்கவில்லை.

கேள்வி கேட்ட மாணவிக்கு இவையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் எப்பதான் முடிந்தது, சேர்?" என்றாள். ஒரு திகதி சொல்லலாம். 1954 யூலை 4ஆம் திகதி இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கி, கடைசிக் கூப்பனும் ஒழிந்தது. தெரு விருந்திலே கேக் தின்ற ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது.