மழைக்கு முன் தரையைக் காலி செய்வோம்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நம் புதுநகருக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் முதலில் நனைந்தது கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்த பெட்டிகள்தான். ரேஷன் கார்டைத் தேடியே அரை மணி நேரம் போனது.

அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று சாக்கும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். ஒரு நாளைக்கு ஒரு பரண் அல்லது ஓர் அலமாரி. முழு வீட்டையும் கலைத்துப் போடாதீர்கள்.

முதல் சாக்கு, பிறருக்குக் கொடுக்க. இரண்டாவது, பழைய பேப்பர் கடைக்கு. மூன்றாவது, தூய்மைப் பணியாளரிடம் தர. பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மருந்தைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். போகிக்குக் கொளுத்தலாம் என்று டயர், பிளாஸ்டிக் எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

பத்திரம், ஆதார், சான்றிதழ்களை ஜிப் கவரில் போட்டு, ஒரே தோள்பையில், உயரத்தில் மாட்டுங்கள். அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

கழித்த பொருளை மாடிப்படியில் வைக்காதீர்கள். இருட்டில் எல்லோரும் ஏறும் வழி அது.

மேல்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் ஒரு மூலை காலியானால், தண்ணீர் வரும் இரவில் கீழ்வீட்டு அரிசி மூட்டைக்கும் மிக்ஸிக்கும் இடம் கிடைக்கும்.