போர்வீரர் வீட்டிற்கு வரைந்த நிருபங்கள்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861-ம் வருஷம் முதல் 1865-ம் வருஷம் வரை நிகழ்ந்த உள்நாட்டு யுத்தத்தைச் சேனாதிபதிகளின் பெயர்களைக்கொண்டு படித்தறிந்தோர் நம்மிற் பலராவர். அப்போரில் நின்ற வீரர்கள் தத்தம் வீட்டாருக்கு எழுதிய நிருபங்களைக் குறித்தே இன்று நாம் பேசப் புகுந்தோம்.

பாசறையில் தபால் தலை அகப்படுவது அரிது. ஆதலின் வடதிறத்துச் சர்க்கார் 1861-ம் வருஷம் ஜூலை மாதத்தில், வீரன் தலை ஒட்டாமலே கடிதம் போடலாம், கூலியைப் பெறுபவர் கொடுக்கலாம் என்று சட்டஞ்செய்தனர். கூலி 3 சென்ட். ஏழை வீட்டாரும் அக்காசை மகிழ்ந்தே கொடுத்திருப்பர்.

அதே ஜூலை 14-ந் தேதி, ஸல்லிவன் பாலூ என்னும் மேஜர், வாஷிங்டன் நகரத்துப் பாசறையிலிருந்து தம் மனைவி ஸாராளுக்கு ஒரு நிருபம் வரைந்தார். தாம் மீளாதொழியின் அவளும் இரு பாலகரும் என்செய்வர் என்ற கவலையும், நாட்டின்பாற் கொண்ட கடமையும் அதிற் பொருதுகின்றன. ஏழாம் நாள் புல் ரன் போரிற் பீரங்கிக் குண்டால் காயமுற்று, மேலும் ஒரு வாரத்தில் இறந்தார். அந்நிருபம் தபாலிற் சேர்க்கப்படாமல் அவருடைய சாமான்களுக்கிடையே கிடந்து, பின்னரே மனைவியின் கைக்கு வந்ததென்பர். ஸாராள் மறுமணம் புரியாமலே 1917-ம் வருஷம்வரை உயிர்வாழ்ந்தார்.

நிற்க. பாலூ கற்றறிந்த வக்கீல். அவர் நன்கு எழுதியதில் வியப்பில்லை. நம் நெஞ்சை அதனினும் மிகுதியாகத் தொடுவது, அடிமையாயிருந்த ஒரு தகப்பன் எழுதியது. அவர் பெயர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். மிஸ்ஸௌரி மாகாணத்தில் கிளாஸ்கோ என்னும் ஊரை (ஸ்காத்லாந்து நகரமன்று) அடுத்து, புகையிலைத் தோட்டத்தில் உழைத்தவர். மனைவி மக்கள் வேறோர் எஜமானரிடம் இருந்தமையால், வாரத்தில் 2 இரவுகளே அவர்களைக் காண அவருக்கு அனுமதி. 1864-ம் வருஷம் பிப்ரவரி மாதம் படையிற் சேர்ந்தார். சேர்ந்தவனுக்கு விடுதலை உண்டு. அவன் பெற்ற மக்களுக்கோ இல்லை! மிஸ்ஸௌரி பிரிந்துபோகாத மாகாணமாதலின், லிங்கன் 1863-ல் செய்த விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லாது.

அவ்வாண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஸெயிண்ட் லூயி நகரத்துப் படைவைத்தியசாலையில் நோயாய்க் கிடந்த ரைஸ் இரண்டு கடிதங்கள் விடுத்தார். ஒன்று குமாரத்திகளுக்கு: உங்களை மறந்திலேன், உயிர் போயினும் உங்களை மீட்பேன், வெள்ளையரும் கறுப்பருமாக எண்ணூறு எண்ணூறு வீரர் அவ்வூருக்குப் புறப்படவிருக்கின்றனர், மனங்கலங்காதிருங்கள் என்பது அதன் கருத்து. மற்றொன்று மகளை வைத்திருந்த எஜமானிக்கு. குழந்தையைத் திருட முயன்றான் என்று அவ்வம்மாள் பழிசொல்லியிருந்தாள். தன் இரத்தத்தைத் தானே திருடுவதும் உண்டோ, கடவுள் எனக்களித்த பிள்ளையன்றோ என்று கேட்கிறார். அவளை மீட்க முன்னே 40 டாலர் கொடுக்க முன்வந்ததையும், அதை அவள் ஏலாததே நன்றாயிற்றென்பதையும் சொல்லுகிறார். விலை கொடுத்திருப்பின் தம் மகள் பிறர் உடைமையென்று தாமே ஒப்பியதாகுமன்றோ? இவ்விடத்தை நாம் பன்முறை படித்தோம்.

இனி, இவை எவ்வாறு அழியாது நின்றன என்பது கேட்கத்தக்கது. அவ்வூர்த் தபால் மாஸ்டர் அவ்வெஜமானியின் சகோதரர். ஒரு கறுப்பன் இங்ஙனம் எழுதுவதா என்று சினந்து, அவனை மாகாணத்தைவிட்டே அகற்றவேண்டுமென ஜெனரல் ரோஸ்கிரான்ஸுக்கு மனுச்செய்து, இரண்டு கடிதங்களையும் அதனோடு இணைத்தனுப்பினார். பிள்ளைகளுக்கு எழுதியதும் அக்கட்டிலேயே சென்றது. சர்க்கார் தஸ்தாவேஜுகளோடு அவை பத்திரமாயின. அவமதிக்க எண்ணியவரே காப்பாளரானார்!

1865-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி மிஸ்ஸௌரியில் அடிமைமுறை ஒழிந்தது. ரைஸ் பிற்காலத்தில் சபைப் போதகரானார். அவர் மகள் மேரி, 1937-ம் வருஷம், தமது 85-ம் வயதில், ஸெயிண்ட் லூயி நகரில் தம்மைக் காணவந்தோரிடம், தம் தகப்பனார், சகோதரர், கணவர், குமாரர் யாவரும் படையிற் பணிபுரிந்தவர்களென்று பெருமிதத்துடன் உரைத்தார்.