கேப்புக்கு முன்னால் போஸ்ட் அவசியமா?

(நம் சங்கக் கூட்டத்தில், இங்கேயே குடியிருக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்டில் என்னைப் பிடித்தால் பலரும் கேட்பது இதுதான்: "டாக்டர், ரூட் கெனால் முடிஞ்சது. கேப்புக்கு முன்னாடி போஸ்ட் போடணும்னு சொல்றாங்க, நிஜமாவே வேணுமா?" பில்லைக் கூட்டத்தான் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அதில் இருக்கிறது. சந்தேகப்படுங்கள், தப்பில்லை. விஷயம் தெரிந்து சந்தேகப்படுங்கள்.

போஸ்ட் என்பது வேருக்குள் இறக்கும் சிறு கம்பி. அதன்மேல் கட்டும் மேடை, கோர். மேடைமேல் உட்காருவது கேப். போஸ்ட் போட்டால் பல் பலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கோரைப் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கம்பிக்கு இடம் செய்ய வேரை உள்ளே குடைய வேண்டும்; அந்த அளவுக்கு வேர் மெலியும். அதனால் கடைவாய்ப் பல்லில் சுவர்கள் நன்றாக மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் போஸ்ட் தேவைப்படாது. முன்பல் பாதிக்குமேல் உடைந்திருந்தால் கதை வேறு.

வகைக்கு வருவோம். அளவெடுத்து லேபில் வார்ப்பது ஒன்று. போஸ்டும் கோரும் ஒரே உலோகத் துண்டாக வரும். டெய்லர் தைத்த சட்டை மாதிரி வேருக்குப் பொருந்தும், ஆனால் இரண்டு தடவையாவது கிளினிக் போக வேண்டும். மற்றது ரெடிமேட். அதில் ஸ்டீல், டைட்டானியம், ஃபைபர் எல்லாம் உண்டு. மரை உள்ள போஸ்ட், சுவரில் ஸ்க்ரூ முடுக்கியது போல இறுகும். அந்த இறுக்கமே வேரில் விரிசல் விடவும் காரணமாகலாம். வேறு வழியிருந்தால் நான் அதைப் போடமாட்டேன்.

ஃபைபர் போஸ்ட் ஏறக்குறைய பல்லைப் போலவே வளைந்து கொடுக்கும். ஸ்டீல் பல்லைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பு. இந்த வித்தியாசம் தெரிவது, போஸ்ட் தோற்கும்போதுதான். ஃபைபர் பெரும்பாலும் கழன்று வரும், மறுபடி ஒட்டலாம். உலோகம் வேரையே நெடுக்காகப் பிளந்துவிடக்கூடும். பிளந்த வேரைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆனால் கம்பியின் வகையைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. நல்ல பல் மிஞ்சியிருக்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்குவது போல, கேப் அந்த விளிம்பைத்தான் கவ்விப் பிடிக்கிறது. இதற்கு ஃபெரூல் என்று பெயர். அது இல்லாத பல்லில் எவ்வளவு விலை கொடுத்த போஸ்டும் ரொம்ப நாள் தாங்காது. ஆகவே "எந்த கம்பெனி போஸ்ட்?" என்று கேட்பதற்கு முன், "சுற்றிலும் எவ்வளவு பல் மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயையும் காட்டச் சொல்லுங்கள். வேர் நுனியில் ரூட் கெனால் அடைப்பு 4, 5 மி.மீ. அப்படியே விடப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. வலி போய்விட்டதே என்று தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் சுற்றாதீர்கள். அது கசியும், செய்த ரூட் கெனால் வீணாகும்.

எக்ஸ்ரே கொண்டுவந்தவர்கள் எடுங்கள், பார்ப்போம்.